500 ரூபாய் நோட்டுக்குள் ஒளிந்திருக்கும் வெளிச்சம்: கள்ள நோட்டைக் காட்டிக்கொடுக்கும் படிகங்கள் எப்படி வேலை செய்கின்றன?

நகைக்கடை, பெட்ரோல் பங்க், வங்கி கேஷ் கவுன்ட்டர் என எங்கே போனாலும் மேசை ஓரத்தில் ஊதா நிறத்தில் எரியும் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கேஷியர் 500 ரூபாய் நோட்டை அதற்கு அடியில் ஒரு நொடி காட்டுவார், திருப்புவார், டிராயருக்குள் போட்டுவிடுவார். அந்த ஒரு நொடியில் அவர் எதைத்தான் பார்க்கிறார்?

மூன்று விஷயங்களை. நோட்டின் வரிசை எண் ஒளிர்கிறதா? காகிதத்துக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகள் ஒளிர்கின்றனவா? மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: காகிதம் ஒளிராமல் இருக்கிறதா?

இது சும்மா தெரிந்துகொள்ள வேண்டிய பொது அறிவு மட்டும் இல்லை. ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கைப்படி, 2024-25 நிதியாண்டில் வங்கிகளில் பிடிபட்ட புதிய வடிவ 500 ரூபாய் கள்ள நோட்டுகள் 1,17,722. அதற்கு முந்தைய ஆண்டில் இது 85,711. போலீஸ் பறிமுதல் செய்தவை இந்தக் கணக்கில் வராது.

அப்படி ஒரு நோட்டு உங்கள் கைக்கு வந்து, தெரியாமல் வங்கியில் கட்டப் போனால் என்ன ஆகும்? வங்கி அதில் கள்ள நோட்டு என்று முத்திரை குத்தி எடுத்துக்கொள்ளும், ஒரு ரசீது தரும். பதிலுக்கு வேறு நோட்டு கிடைக்காது. ஒரே பரிவர்த்தனையில் 4 நோட்டு வரை என்றால் மாத முடிவில் போலீஸுக்கு மொத்தமாகத் தகவல் போகும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் எஃப்.ஐ.ஆர். ‘எவனோ நம்ம தலையில கட்டிட்டான், நாமளும் யார் தலையிலயாவது கட்டிடுவோம்’ என்று இறங்கினால் அது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-வது பிரிவு பாயும். ஆக, சங்கிலியில் கடைசியாக மாட்டுபவருக்குத்தான் நஷ்டம். பெரும்பாலும் அது ஊதா விளக்கு வாங்கி வைக்காத மளிகைக்கடைக்காரரோ காய்கறிக்காரரோதான்.

நல்ல காகிதம் ஏன் இருட்டாகத் தெரிகிறது?

ஒரு ஜெராக்ஸ் பேப்பரை அந்த ஊதா விளக்கின் கீழ் காட்டுங்கள். பளீரென நீலவெள்ளையில் மின்னும். வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சாதாரணக் காகிதத்தில் ஒளிரும் ரசாயனம் கலக்கிறார்கள். துணி சோப்புத்தூளிலும் இதே வகை ரசாயனம் உண்டு. டிஸ்கோ லைட்டில் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக மின்னுவதற்கு அதுதான் காரணம். (வீட்டில் போடும் சொட்டு நீலம் வேறு கதை. அது ஒளிராது, துணியின் மஞ்சளை நீலச் சாயத்தால் ஈடுகட்டும், அவ்வளவே.)

பருத்தியிலிருந்து செய்யப்படும் ரூபாய் நோட்டுக் காகிதத்தில் இந்த ரசாயனம் கிடையாது. அதனால் புற ஊதா ஒளியில் அது மங்கலாகவே இருக்கும். எண்ணும் இழைகளும் மட்டும் எடுப்பாகத் தெரியும். கடையில் வாங்கிய காகிதத்தில் அடித்த கள்ள நோட்டு முழுசாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குப் போய் வந்த நல்ல நோட்டும் சோப்புத்தூள் ஒட்டி மின்னலாம். எனவே விளக்கு ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல. நோட்டைச் சாய்த்துப் பார்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். வலப்பக்கம் கீழே இருக்கும் 500 என்ற எண்ணும் அப்படியே மாற வேண்டும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். ரிசர்வ் வங்கியின் ‘மணி’ ஆப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நோட்டின் மதிப்பைச் சொல்வதற்கானது. நல்லதா, கள்ளதா என்று அது சொல்லாது.

500 கொடுத்தால் 400-க்குத்தான் பொருள்

சரி, ஒளிர்வது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளிக்கு ஆற்றல் அதிகம். அது மையில் படும்போது அங்குள்ள எலக்ட்ரான் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு மேல்படிக்குத் தாவுகிறது. அங்கேயே நிற்க முடியாது, இறங்கியாக வேண்டும். இறங்குவதற்குள் கொஞ்சம் ஆற்றலை அதிர்வாக, வெப்பமாக இழந்துவிடுகிறது. மீதியை ஒளியாக வெளியே விடுகிறது. 500 ரூபாய் கொடுத்து, 100 ரூபாய் கமிஷன் போக, 400-க்குப் பொருள் வாங்குவது மாதிரி. ஆற்றல் குறைந்ததால், வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும் நிறமாக இருக்கிறது.

இதை முறையாக விளக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852-ல் இதற்கு அவர் ‘ஃபுளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஃபுளோரைட் என்ற கனிமத்திலிருந்து எடுத்த பெயர் அது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஃபுளோரைட் வெறும் கால்சியமும் ஃபுளோரினும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருந்தால் அது நீலமாக ஒளிராது. அதற்குள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த வேறு ஒரு தனிமம்தான் அந்த நீல ஒளிக்குக் காரணம். அந்தத் தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதோ 1901-ல். பெயர் யூரோப்பியம்.

ஒளிரும் படிகங்களின் மொத்த சூத்திரமே இதுதான். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. பருப்பும் புளியும் படிகம் என்றால், சிட்டிகை அளவு சேர்க்கும் அந்நிய அணுதான் பெருங்காயம். அளவு ரொம்பக் கூடினாலும் வேலைக்கு ஆகாது. அந்த அணுக்கள் நெருக்கமாக இருந்தால் ஆற்றலை ஒன்றுக்கொன்று கைமாற்றி வீணாக்கிவிடும், ஒளி குறைந்துவிடும்.

யூரோவைக் காக்கும் யூரோப்பியம்

பெருங்காயமாகப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது ‘அரிய மண்’ தனிமங்கள். இவற்றில் ஒளிக்குக் காரணமான எலக்ட்ரான்கள் அணுவின் உட்புறத்தில், வெளி எலக்ட்ரான்களின் போர்வைக்குள் இருக்கின்றன. சுற்றுப்புறம் அவற்றை அதிகம் தொந்தரவு செய்யாது. அதனால் அவை வெளியிடும் நிறம் குழப்பமில்லாத மெல்லிய கோடாக வருகிறது. யூரோப்பியத்தின் சிவப்பு 615 நானோமீட்டர் அருகே. சாயங்களின் ஒளி இப்படி இருக்காது, பரந்து கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் சிவப்புதான். ஆனால், ஒளியைப் பிரித்து அளக்கும் கருவிக்கு இரண்டும் வேறு வேறு.

2002-ல் யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. புற ஊதா ஒளியில் அந்த முதல் வரிசை நோட்டுகளில் இருந்த ஐரோப்பிய ஒன்றியக் கொடி பச்சையாகவும் நட்சத்திரங்கள் ஆரஞ்சாகவும் மாறும். இழைகள் சிவப்பு, பச்சை, நீலத்தில் மின்னும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஐரோப்பிய மத்திய வங்கி சொல்லவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேக் ஸௌவர், ஆன்ட்ரீஸ் மைரின்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நோட்டை எடுத்து ஆய்வகக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். வந்த கோடுகள் யூரோப்பியத்துடன் பொருந்தின. ‘யூரோவைக் காக்கும் யூரோப்பியம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து அதே ஆண்டு ஒரு டச்சு வேதியியல் இதழில் எழுதினார்கள்.

ஒரே தனிமம் எப்படி மூன்று நிறம் தரும்? மூன்று எலக்ட்ரானை இழந்த யூரோப்பியம் சிவப்பாக ஒளிரும். இரண்டை மட்டும் இழந்ததென்றால் அதன் நிறம் அது உட்கார்ந்திருக்கும் படிகத்தைப் பொறுத்தது. பேரியம், மெக்னீசியம், அலுமினியம் ஆக்ஸைடு படிகத்தில் நீலம்; ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் பச்சை. ஐரோப்பாவின் பெயர் கொண்ட தனிமத்தை ஐரோப்பாவின் நோட்டில் வைத்தது வேண்டுமென்றே செய்த குசும்பா, தற்செயலா? மத்திய வங்கி வாய் திறக்காத வரை அவரவர் யூகம்தான்.

ஆனால் யூவி டார்ச் எல்லோரிடமும் இருக்கிறதே!

பிரச்சினையே அதுதான். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் யூவி டார்ச் கிடைக்கிறது. ஒளிரும் மையும் கிடைக்கிறது. கடைக்காரர் சோதிக்கும் அதே விளக்கை வைத்தே கள்ள நோட்டு அடிப்பவரும் தன் ‘தரத்தை’ச் சோதித்துக்கொள்ள முடியும். அதனால் ஆய்வாளர்கள் ஆட்டத்தைத் தலைகீழாக மாற்றினார்கள்.

சாதாரண ஒளிர்தலில் அதிக ஆற்றல் உள்ளே போய், குறைந்த ஆற்றல் வெளியே வரும். இதை மாற்றி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொடுத்துப் பச்சை ஒளியை வாங்க முடியுமா? முடியும் என்று 1966-ல் காட்டியவர் பிரான்ஸின் ஃபிரான்சுவா ஓசெல். ஒரு அகச்சிவப்புத் துகளுக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது. ஆனால் 50 ரூபாய் நோட்டு இரண்டைச் சேர்த்தால் 80 ரூபாய்ப் பொருளை வாங்கிவிடலாம் இல்லையா? இங்கே யிட்டர்பியம் என்ற அணு 980 நானோமீட்டர் ஒளியை வாங்கி, பக்கத்தில் இருக்கும் எர்பியத்திடம் கொடுக்கிறது. இன்னொரு முறை வாங்கி மறுபடியும் கொடுக்கிறது. இரண்டு தவணையில் மேலே ஏறிய எர்பியம் பச்சையாக ஒளிர்கிறது. எர்பியத்துக்குப் பதில் துலியம் இருந்தால் நீலம் வரும்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம், ஜெராக்ஸ் பேப்பரோ சோப்புத்தூளோ அகச்சிவப்பில் இப்படி மின்னாது என்பதுதான். சுற்றி எல்லாம் இருட்டு, மை மட்டும் வெளிச்சம். 980 நானோமீட்டர் லேசரும் கடையில் கிடைக்கிற பொருள்தான் என்பதால் இதையும் கடைசிப் பூட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லேசர் கிடைப்பது வேறு, சரியான விகிதத்தில் படிகம் வளர்ப்பது வேறு.

நிறத்தை மட்டுமல்ல, நேரத்தையும் பார்

டிஜிட்டல் கடிகாரத்தில் 8 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு கோடுகள். இடப்பக்கம் நிற்கும் இரண்டு கோடுகளை நீக்கினால் மீதி 3. இப்போது அந்த இரண்டு கோடுகளை மட்டும், விளக்கை அணைத்ததும் சட்டென அணைந்துவிடும் பச்சை மையில் அச்சடியுங்கள். மீதி ஐந்தையும், விளக்கு அணைந்த பிறகும் சில நொடிகள் ஒளிரும் பச்சை மையில் அடியுங்கள். விளக்கு எரியும்போது எல்லோருக்கும் தெரிவது 8. அணைத்த பிறகு தெரிவது 3. எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே உண்மையான எண் கிடைக்கும். ‘ஒளிவழித் தகவல் பாதுகாப்பு’ பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வித்தை இது.

நீண்ட நேரம் ஒளிரும் பொருளுக்குப் பெயர்போன உதாரணம், 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸ்ட்ரான்சியம் அலுமினேட். யூரோப்பியத்துடன் டிஸ்ப்ரோசியமும் சேர்த்தால், எலக்ட்ரான்கள் படிகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு, மெதுவாக ஒவ்வொன்றாக வெளியேறும். அதனால் விளக்கை அணைத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் ஒளி இருக்கும். சினிமா தியேட்டரிலும் ஆபீஸ் மாடிப்படியிலும் இருட்டில் பச்சையாகத் தெரியும் ‘எக்ஸிட்’ ஸ்டிக்கர்கள் இந்த வகைதான்.

இதை மைக்ரோநொடி அளவுக்குச் சுருக்கினால் கண்ணால் பிடிக்கவே முடியாது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகக் குழு 2014-ல் அதைச் செய்தது. துலியம் கலந்த நானோ படிகங்கள். எல்லாமே நீலமாக ஒளிரும், ஆனால் அணைய எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் வேறு வேறு. இவற்றை வைத்து மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் குழப்பமான நீலக் கறை. அணையும் நேரத்தை அளக்கும் கருவி மூன்று படங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது.

இந்தியாவில் இந்தத் துறை வெறும் கட்டுரையோடு நிற்கவில்லை. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய ஒரு மை 254 நானோமீட்டர் ஒளியில் சிவப்பாகவும் 365 நானோமீட்டரில் பச்சையாகவும் மாறும். ஒரே இடம், ஒரே மை, விளக்கு மாறினால் நிறம் மாறும். இதில் ஒரு கிலோ தயாரித்து மத்தியப் பிரதேசத்தின் தேவாஸில் இருக்கும் ரூபாய் நோட்டு அச்சகத்துக்குக் கொடுத்ததாகவும், இப்போது பயன்பாட்டில் உள்ள தரத்துக்கு இணையாக இருந்ததாகவும் 2020-ல் அறிவிப்பு வந்தது. பாஸ்போர்ட், அடையாள அட்டை, பிரித்தால் காட்டிக்கொடுக்கும் லேபிள் ஆகியவற்றுக்கும் பயன்படும் என்றார்கள். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற அழியாத மையை உருவாக்கியதும் இதே ஆய்வகம்தான்.

(ஒரு எச்சரிக்கை: 254 நானோமீட்டர் விளக்கு கண்ணையும் தோலையும் பாதிக்கும். கடைகளில் இருப்பது பொதுவாக 365 வகை. அதையும் நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.)

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

2015-ல் சூரிச்சில் உருவான பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள் இந்தத் துறையில் ஒரு அலையையே கிளப்பின. சீசியம், ஈயம், புரோமின் சேர்ந்த இவை மிகப் பிரகாசமானவை; செய்வதும் எளிது. 2017-ல் ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகக் குழு இந்தக் குடும்பத்தை வைத்து ஒரு மாய மையைக் காட்டியது. ஈயம் கொண்ட, நிறமற்ற ஒரு பொருளால் எழுத்தை அச்சடிப்பார்கள். சாதாரண வெளிச்சத்திலும் தெரியாது, யூவி விளக்கிலும் தெரியாது. அதன்மேல் ஒரு குறிப்பிட்ட புரோமைடு உப்புக் கரைசலைப் படவிட்டால் அங்கேயே பெரோவ்ஸ்கைட் உருவாகி, யூவியில் எழுத்து பச்சையாக எழும். மெத்தனால் பட்டால் மறுபடியும் மறைந்துவிடும்.

பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, ஈயம் நச்சு. பல பெரோவ்ஸ்கைட்டுகள் ஈரம் பட்டாலே வீணாகிவிடும். ரூபாய் நோட்டு நான்காக மடிக்கப்பட்டு, வியர்வையில் நனைந்து, மீன் மார்க்கெட் வரை போய் வருகிற பொருள். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் ஜொலிக்கும் தாமரைப் படம் அந்த வாழ்க்கையைத் தாங்குமா என்பதைப் பல கட்டுரைகள் சோதிப்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் அடிப்படையானது. இந்தக் கட்டுரைகள் பலவும் இதை ‘என்கிரிப்ஷன்’ என்கின்றன. உண்மையில் இது மறைப்பது மட்டுமே. உங்கள் வாட்ஸ்அப் மெசேஜ் எந்த முறையில் பூட்டப்படுகிறது என்பது உலகத்துக்கே தெரியும். சாவி மட்டும்தான் ரகசியம். முறை வெளியே தெரிந்தாலும் பாதுகாப்பு குலையக் கூடாது என்பது 1883-லேயே ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் எழுதி வைத்த விதி. மாய மையிலோ முறை தெரிந்துவிட்டால் கதை முடிந்தது.

இதற்கு ஒரு நல்ல பதில், திரும்பச் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வது. ஒரு பிடி அரிசியைத் தரையில் வீசுங்கள். விழுந்த கோலத்தைப் போட்டோ எடுக்கலாம். ஆனால் வீசியவராலேயே அதே கோலத்தை மறுபடி கொண்டுவர முடியாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2018-ல் வெளியிட்ட லேபிள் இந்த வகை. யூரோப்பியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் தனித்தனியாக ஏற்றப்பட்ட மூன்று வகை நுண்துகள்களை லேபிளில் தாறுமாறாகத் தூவுகிறார்கள். ஒவ்வொரு தனிமத்தையும் தூண்டும் அலைநீளத்தில் ஒரு படம் எடுத்து, மூன்றையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மனிதக் கைரேகை மாதிரி ஒவ்வொரு லேபிளும் தனி. எப்படிச் செய்தார்கள் என்று கட்டுரையே வெளியில் இருக்கிறது; இருந்தாலும் காப்பி அடிக்க வழியில்லை. குறை என்னவென்றால், படிக்க ஒரு கருவி வேண்டும், ஒப்பிட நம்பகமான தரவுத்தளம் வேண்டும். நோட்டு எண்ணுகிற அவசரத்துக்கு இது சரிப்படாது.

மருந்துக்குச் சரிப்படலாம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 மருந்துப் பொருள்களில் ஒன்று தரமற்றது அல்லது போலி என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் க்யூஆர் கோடு வெறும் படம்; நல்ல அட்டையில் இருப்பதைப் போட்டோ எடுத்துப் போலி அட்டையில் அடித்தால் அதுவும் ஸ்கேன் ஆகும். அந்தக் கோடு எந்தப் பொருளால் அச்சடிக்கப்பட்டது என்பதையும் சோதிக்க முடிந்தால்தான் இந்த ஓட்டை அடையும். போன் கேமராவாலேயே அதைச் செய்ய முடியுமா என்ற திசையில் ஆய்வுகள் நடக்கின்றன. தூண்டும் விளக்கு ஏற்கெனவே போனில் இருக்கிறது. சொல்லப்போனால் அந்த வெள்ளை ஃப்ளாஷே நீல எல்.இ.டி. மேல் பூசிய ஒளிரும் படிகம்தான். அந்த நீலமும் படிகத்தின் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

பெருங்காயம் யார் கையில்?

இந்த மைகளுக்கு வேண்டிய தனிமங்களைச் சுத்திகரிப்பதில் சீனாவின் கை ஓங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் உட்பட 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அக்டோபரில் மேலும் 5 தனிமங்களை அறிவித்தது: ஹோல்மியம், எர்பியம், துலியம், யூரோப்பியம், யிட்டர்பியம். மேலே படித்த ஒளிரும் மைகளின் பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே இதில் இருக்கிறது. அமெரிக்காவுடன் பேச்சு நடந்த பிறகு, அக்டோபர் அறிவிப்பு நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

மைக்குத் தேவைப்படுவது கிராம் கணக்கில்தான், மின்சாரக் கார் மோட்டார் மாதிரி டன் கணக்கில் இல்லை என்பது ஒரு ஆறுதல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை பிரித்தெடுக்கும் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் அரிய மண் தனிமங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே அதிகம் கிடைப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம். யூரோப்பியம் மிகச் சொற்பம்.

கொஞ்சம் யூரோப்பியம் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். பழைய சி.எஃப்.எல். பல்புகளின் உள்பூச்சில் சிவப்பும் நீலமும் தந்தது அதுதான். (பாதரசமும் இருப்பதால் உடைத்துப் பார்க்க வேண்டாம்.) பிரான்ஸில் சால்வே நிறுவனம் பழைய பல்புகளிலிருந்து இதைப் பிரித்தெடுக்கும் ஆலையை 2012-ல் தொடங்கியது. எல்.இ.டி. வந்து பழைய பல்புகளுக்கான தேவை குறைந்தது, யூரோப்பியத்தின் விலை சரிந்தது; 2016-ல் அந்த வேலையைக் கைவிட்டது.